போறேன்னு சொன்னவர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். கல்யாணமான புதிதில் நானும் சிரித்தேன். இப்போது சாயங்காலம் அவர் படியேறி வருகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு முட்டி எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். நல்ல நாளில் நிற்காமல் வருவார். கெட்ட நாளில் ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்பார், யாராவது எதிரே இறங்கி வந்தால் போனைப் பார்க்கிற மாதிரி நடிப்பார்.

வலது முட்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பள்ளத்துக்குள் இறங்கும்போது ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். கம்பெனியில் சொல்லவில்லை. சொன்னால் உடம்பு சரியில்லாத ஆள் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். வெளியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, குந்தக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றார். "வேற என்ன வேலை டாக்டர் நான் செய்யறேன்?" என்று இவர் கேட்டார். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அவர்கள் கம்பெனி பராமரிப்பதெல்லாம் பழைய கட்டடங்கள், பழைய லிஃப்ட்கள். இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் லிஃப்ட் கூண்டின் கூரை மேல் ஏறி இருட்டில் குந்தி உட்கார்ந்து வேலை பார்ப்பார். இன்னொருவர் கட்டடத்தின் உச்சியில் மெஷின் ரூமில் நின்று கூண்டை நகர்த்துவார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நடுவில் இருப்பது குரல் மட்டும்தான். கூரையில் இருப்பவர் "கீழே" என்பார். மேலே இருப்பவர் "கீழே" என்று திருப்பிச் சொல்வார். அதற்கப்புறம்தான் கை பொத்தானுக்குப் போகும். சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்று ஆனால் கூரையில் இருப்பவருக்கு விரல் போகும், கை போகும், சில சமயம் ஆளே போய்விடும். இதற்குச் சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. வாய்ச் சொல்தான் எல்லாம்.

இவருடைய ஜோடிக்கு "டபுள்" என்று பேர். வைத்தவர் என் வீட்டுக்காரர்தான். எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்கிற பழக்கம் அந்தத் தம்பிக்கு வேலையிலிருந்து வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், "இன்னும் கொஞ்சம் போடவா தம்பி?" என்று நான் கேட்பேன். "இன்னும் கொஞ்சம், போடுங்க அண்ணி" என்பான். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். பத்தாவது படிக்கிறவளுக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு.

ஆனால் அந்தத் தம்பி செய்ததை என் கூடப் பிறந்தவர்கள்கூடச் செய்ய மாட்டார்கள். கம்பெனி விதிப்படி ஒரு வாரம் இவர் கூரை மேல் ஏற வேண்டும், மறு வாரம் டபுள் ஏற வேண்டும். யார் ஏறினார்கள் என்று வேலைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். முட்டி போனதிலிருந்து இவர் கூரைக்கு ஏறவே இல்லை. லிஃப்டை நிறுத்துவதற்கு முன்னாலேயே அதிலேயே உச்சி மாடிக்குப் போய், மெஷின் ரூமில் நின்றுகொள்வார். குந்துவது, பள்ளத்தில் இறங்குவது, கிரீஸ் பூசுவது எல்லாம் டபுள். தாளில் மட்டும் முறை மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தத் தம்பியின் முதுகு வலியால்தான்.

இப்படி எத்தனை நாளைக்கு ஓட்ட முடியும் என்று எனக்கு உள்ளுக்குள் பயம் இருந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் அந்த போன் வந்தது.

புதிதாக உயரமான கட்டடங்களுக்கு லிஃப்ட் பொருத்துகிற இன்னொரு கம்பெனி. அதன் புராஜெக்ட் மேனேஜர் ஏதோ ஒரு கட்டடத்தில் இவர் வேலை செய்ததைப் பார்த்திருக்கிறார். புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு அறை கட்டுகிறார்களாம். அதற்கு அனுபவசாலி ஒருவர் வேண்டுமாம். நான் ஆல்டரேஷன் துணியைப் பிரித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மெஷின் ரூமில் நிற்கிற மாதிரியே ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார்.

"பயிற்சி வேலை... தரைத்தளம்... ஏற வேண்டியது இல்ல... முதல் தேதியிலிருந்து..."

அந்தப் பக்கமிருந்து "ஆமா, ஆமா" என்ற குரல் எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு இவர் முட்டியைத் தடவிக்கொண்டு, "ஏற வேண்டாமாம்மா" என்றார். அந்த முகத்தை நான் எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. எனக்கும் அழுகை வந்தது. வந்ததை மறைக்கவில்லை.

ஆனால் நான் கத்தரி பிடிக்கிறவள். துணிக்கடையில் ஆல்டரேஷன் மேஜை என்னுடையது. வாயால் சொன்ன அளவுக்கு நான் துணியை வெட்டியதே இல்லை. "கொஞ்சம் குறைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய், வெட்டின பிறகு வந்து "இவ்வளவா குறைக்கச் சொன்னேன்" என்று சண்டைக்கு நிற்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அளவைச் சீட்டில் எழுதி, அவர்கள் தலையாட்டினால் மட்டும் போதாது, கையெழுத்துப் போட்ட பிறகுதான் கத்தரியை எடுப்பேன். கடையில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். இருக்கட்டும்.

"என்னங்க, நாளைக்கு அவருக்கு போன் பண்ணி, ரொம்ப சந்தோஷம், நன்றின்னு சொல்லுங்க" என்றேன். "அதோட நிறுத்தாதீங்க. போன்ல சொன்னதை எல்லாம் எழுத்துல அனுப்புங்க, பார்த்துட்டு பதில் சொல்றேன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"அவர் ஆமான்னு சொல்லிட்டாரேம்மா. நான்தான் ஒவ்வொண்ணா திருப்பிச் சொன்னேனே. நீயே கேட்டே."

"கேட்டேன். நாலு வரி எழுத அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எழுதி அனுப்பட்டும்."

"உனக்கு எல்லாரும் துணி வெட்டக் குடுக்க வந்தவங்க மாதிரிதான் தெரியும்."

"ஆமா. எனக்கு அப்படித்தான் தெரியும்" என்றேன்.

மறுநாள் போன் பண்ணினார். நான் சொன்ன மாதிரியே சொன்னார், பாவம், பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி. மேனேஜர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆபீஸில் தயாராகிக்கொண்டிருக்கிறது, ஓரிரு நாளில் மெயிலில் வந்துவிடும் என்றார். அப்பாவுக்கு மெயில் ஐடியே கிடையாது என்று மகள் தன்னுடையதைக் கொடுத்தாள். அன்றிலிருந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இவர் அவளிடம் கேட்கிற முதல் கேள்வி, "வந்துச்சா?" என்பதுதான்.

அடுத்த திங்கட்கிழமை இவர் வீட்டுக்கு வந்தபோது வழக்கத்தைவிட நேரம் ஆகியிருந்தது. செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று, "டபுள்கிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

"என்னன்னு சொன்னீங்க?"

"போறேன்னு."

நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுத மாட்டேன். மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பேசி முடிக்கிற வரைக்கும் இவர் நின்றபடியே கேட்டார், அப்புறம் மெதுவாக விளக்கினார். அந்த விளக்கம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இன்றைக்குப் புரிகிறது. புரிந்து என்ன பிரயோஜனம்.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள். மனதில் வேறு நினைப்பை ஒளித்துவைத்துக்கொண்டு மெஷின் ரூமில் நிற்கக் கூடாது. பெண்டாட்டியோடு சண்டை என்றால்கூட ஜோடியிடம் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். "இன்னிக்கு எனக்கு மனசு சரியில்ல" என்றால் அந்த ஆள் அன்றைக்குக் கீழே நின்று சாமான் எடுத்துக் கொடுப்பான், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வேலையை விட்டுப் போகிற நினைப்பு எல்லாவற்றையும்விடப் பெரிய நினைப்பு. அதைச் சொல்லாமல் மறைத்தால் துரோகம்.

"கூரை மேல அவன் நிக்கிறான்மா. நான் பொத்தான் மேல கை வெச்சுக்கிட்டு, முதல் தேதி, பயிற்சி அறை, தரைத்தளம்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். வெள்ளிக்கிழமை அவன் 'மேலே'ன்னு சொன்னான். எனக்குத் திருப்பிச் சொல்ல ஒரு நொடி ஆயிடுச்சு. அவன் கவனிச்சான். என்ன அண்ணேன்னு கேட்டான். ஒண்ணுமில்லன்னு பொய் சொன்னேன். ரெண்டு நாளா அந்தப் பொய் நெஞ்சுல கல்லு மாதிரி உக்காந்திருக்கு. இன்னிக்குக் காலையில மேல போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"போறீங்க, சரின்னான்."

வழக்கத்தின் மறு பாதி எனக்கு அப்போது தெரியாது. போகிறேன் என்று சொன்ன ஆளை அதற்குப் பிறகு ஷாஃப்ட் வேலைக்கு, அதாவது லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் செய்கிற வேலைக்கு, கூட்டிப்போக மாட்டார்கள். அது கோபம் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. மனசு வெளியே போய்விட்ட ஆள், அவ்வளவுதான். டபுள் அன்றைக்கே ஆபீஸில் வேறு ஜோடி கேட்டுவிட்டான். மீசை என்று ஒருவர், நாற்பது வயசுக்காரர், இன்னொரு கிளையிலிருந்து மாறி வந்திருந்தார். அவரைப் போட்டார்கள். இவரை ஸ்டோரில் உட்கார வைத்து, பழைய போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். சர்வீஸ் மேனேஜர் ஒரு தடவை எட்டிப் பார்த்து, "ராஜினாமா லெட்டர் எப்ப தர்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். புதுக் கம்பெனியின் காகிதம் கையில் வந்ததும் தருகிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு விஷயத்திலாவது என் பேச்சைக் கேட்டார்.

காகிதம் வரவில்லை. ஓரிரு நாள் என்றது ஒரு வாரம் ஆனது, அப்புறம் இன்னொரு வாரம். இவர் போன் பண்ணினால் மேனேஜர் சில சமயம் எடுப்பார், "வந்துடும், கையெழுத்துக்குப் போயிருக்கு" என்பார். சில சமயம் எடுக்கவே மாட்டார். ஸ்டோரில் பிரிக்கப் போல்ட்டுகள் தீர்ந்துபோய், பிரித்ததையே மறுபடியும் கொட்டிப் பிரித்தாராம். இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. உட்கார்ந்தே வேலை பார்த்த அந்த நாட்களிலும் படியில் அவர் நின்று நின்றுதான் வந்தார்.

ஒரு சாயங்காலம் மகள் ஓடிவந்து, "அப்பா, வந்துருச்சு" என்றாள். இவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், ஏதோ சாப்பிடப் போகிற மாதிரி. மகள் போனில் படித்தாள். கம்பெனியின் பெயர், இவருடைய பெயர், வாழ்த்துக்கள், மகிழ்ச்சி. அதுவரை சரி. பதவி என்ற இடத்தில் "கள டெக்னீஷியன்" என்று இருந்தது. அவள் தயங்கி என்னைப் பார்த்தாள்.

"படிடி" என்றேன்.

நிர்வாகம் அவ்வப்போது ஒதுக்கும் எந்தப் பணியையும் எந்தத் தளத்திலும் செய்ய வேண்டும். சேருவதற்கு முன் உயரத்தில் வேலை செய்வதற்கான உடல் தகுதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கம்பெனி குறிப்பிடும் டாக்டரிடம்தான் பரிசோதனை. பயிற்சி என்ற சொல்லைத் தேடித்தேடிப் பார்த்தோம். ஒரே ஒரு இடத்தில் இருந்தது. முதல் ஆறு மாதம் இவருக்குப் பயிற்சிக் காலம் என்று போட்டிருந்தார்கள்.

"தப்பா வேற யாருக்கோ அனுப்ப வேண்டியதை அனுப்பிட்டாங்களோ" என்றார் இவர்.

"உங்க பேருதான் இருக்கு."

அவர் அந்த மேனேஜருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அந்த மனுஷன் நல்லபடியாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல். எல்லோருக்கும் அதே படிவம்தான் அனுப்புவார்கள், இதெல்லாம் சம்பிரதாயம், நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார்.

நான் போன் பக்கம் குனிந்தேன். "சார், நான் அவர் வீட்டுக்காரி பேசறேன். சம்பிரதாயம்னா அந்த ரெண்டு வரியை எடுத்துட்டு, பயிற்சி வேலை, தரைத்தளம்னு ஒரு வரி போட்டு அனுப்பிடுங்களேன். உங்களுக்கும் சுலபம், எங்களுக்கும் நிம்மதி."

மேனேஜர் குரலை இறக்கினார். "உண்மையைச் சொல்லிடறேம்மா. நான் சொன்னப்ப அந்த அறைக்கு அனுமதி கிடைச்சிருந்துச்சு. போன வாரம் மேலிடத்துல தள்ளி வெச்சுட்டாங்க. அடுத்த வருஷம் கண்டிப்பா வரும். அதுவரைக்கும் சைட்ல இருக்கட்டும், அப்புறம் நானே உள்ள கொண்டு வந்துடறேன்."

"அதை எழுதித் தருவீங்களா?"

"அதெப்படிம்மா எழுத முடியும்."

ஏமாற்றுகிற ஆள் என்றால் திட்டித் தீர்த்திருப்பேன். சொன்னபோது அவர் உண்மையாகத்தான் சொல்லியிருக்கிறார். இவர் திருப்பிச் சொன்னதும் உண்மை. நடுவில் யாரோ ஒருத்தர் மேஜையில் உட்கார்ந்து ஒரு வரியை அடித்துவிட்டார். அவருக்கு எங்களைத் தெரியவே தெரியாது. டாக்டர் முன்னால் இவரை ஒரு தடவை குந்தி எழுந்திருக்கச் சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. இவர் போனை வாங்கி, "ரொம்ப நன்றி சார், எனக்கு இது சரிப்படாது" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, அதை மறைக்க மாட்டேன். லெட்டர் கொடுக்கவில்லையே. பழைய கம்பெனியில் இவர் இன்னும் வேலையில்தான் இருக்கிறார். மறுநாள் காலையில் சர்வீஸ் மேனேஜரைப் பாருங்கள் என்று தள்ளி அனுப்பினேன்.

மத்தியானம் கடைக்கு போன் வந்தது. இவர் குரலில் உயிர் இருந்தது. சர்வீஸ் மேனேஜர் சிரித்தாராம். "பேப்பர்ல ஒண்ணும் இல்லையே, அப்ப ஒண்ணும் நடக்கல. திங்கக்கிழமையிலிருந்து பழையபடி போங்க" என்றாராம். நான் போனை வைத்துவிட்டு, ஒரு பேண்ட்டின் ஓரத்தைத் தப்பாக மடித்துத் தைத்தேன். பிரித்து மறுபடி தைத்தேன். அவ்வளவு சந்தோஷம். எழுத்து என்றால் எழுத்துதான், நான் அப்போதே சொன்னேனே என்று மனதுக்குள் இவரிடம் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டபுளை வரச் சொன்னோம். வந்தான். வழக்கமாக உட்காருகிற நாற்காலியில் உட்காரவில்லை, கதவோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். நான் டீ கொடுத்தேன். இவர் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். சர்வீஸ் மேனேஜர் சொன்னதையும் சொல்லிவிட்டு, "நாளைக்கு மீசையை வேற யார்கூடவாவது போடச் சொல்லிடு. நாம பழையபடி போவோம்" என்றார்.

டபுள் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"என்னால முடியாது அண்ணே" என்றான்.

நான்தான் குறுக்கே புகுந்தேன். "ஏன் தம்பி? அவர் லெட்டர் குடுக்கலையே. மேனேஜரே ஒண்ணும் நடக்கலன்னு சொல்லிட்டாரே."

"மேனேஜர் கூரை மேல நிக்கிறதில்ல அண்ணி."

"ரெண்டு வருஷமா நின்னவன்தானே நீ. இப்ப என்ன புதுசா?"

அவன் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்துப் பேசினான். கஷ்டப்பட்டுத்தான் பேசினான், அது எனக்குத் தெரிந்தது. "நீங்க சொன்ன அன்னிக்கு, அந்தக் கட்டடத்து வேலையை மட்டும் முடிச்சுடுவோம்னு கூரைக்கு ஏறினேன். ஏறக் கூடாது, ஆனா உங்களுக்காக ஏறினேன். கீழேன்னு சொல்லணும். வாய் வரல அண்ணே. இருட்டுல நின்னுக்கிட்டு, மேல இருக்கறவர் இன்னும் இருக்காரா, போயிட்டாரான்னு யோசிக்கறேன். இத்தனை வருஷத்துல ஒரு நாளும் அப்படி யோசிச்சதில்ல. எப்படியோ வேலையை முடிச்சுட்டு வெளிய வந்துட்டேன். அதை உங்ககிட்ட சொல்லல."

"இப்ப நான் போகலையே டபுள்" என்றார் இவர்.

"தெரியும் அண்ணே. போறேன்னு சொன்னீங்க, நான் நம்பினேன். இப்ப போகலைன்னு சொல்றீங்க, அதையும் நம்பறேன். ஆனா உள்ள நிக்கும்போது நம்பறது வேற. உங்க மேல தப்பே இல்ல. எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். உன் பசங்களைப் பற்றி இப்போதுதான் ஞாபகம் வந்ததா என்று கேட்டிருப்பேன், நல்லவேளை, இவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "அவன் சொல்றது சரி" என்றார். "அவன் இடத்துல நான் இருந்தாலும் இதேதான் சொல்வேன்."

டபுள் ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தான். டம்ளரை அவனே கொண்டுபோய்க் கழுவி வைத்தான். கிளம்பும்போது என் கையைத் தொட்டு, "கோவிச்சுக்காதீங்க அண்ணி" என்றான். நான் கோபித்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை. அவன்மேல் கோபமா, அந்த போன்மேல் கோபமா, இவர் வாய்மேல் கோபமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

"சரி, அந்த மீசையோடயோ வேற யாரோடயோ போங்க" என்றேன், அவன் போனதும்.

"முறை மாத்தி ஏறணும். அடுத்த வாரமே நான் கூரைக்கு ஏறணும். குந்தினா எழுந்திருக்க முடியாது. மேல இருக்கறவன் நகர்த்தும்போது நான் நடுவுல மாட்டிக்கிட்டு நின்னா, அவன் வாழ்நாள் பூரா அதைச் சுமக்கணும். என் முட்டியைப் பத்தித் தெரியாத ஆளை நம்பவெச்சு நான் உள்ள போக மாட்டேன்."

"தெரியப்படுத்துங்க அப்ப."

"டபுள் மாதிரி வேற எவன் செய்வான்?"

உட்கார்ந்த வேலை எதுவும் கம்பெனியில் கிடையாது என்று சர்வீஸ் மேனேஜர் முன்பே சொல்லியிருந்தார். ஸ்டோர்கூட, போகிற ஆளை உட்கார வைக்கிற இடம்தான். இவர் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"உன் எழுத்துதான் நல்லா இருக்கும். எழுது."

"என்னத்தை எழுத?"

"போறேன்னு சொன்னேன்ல. அதை எழுதிக் குடுத்துடுவோம்."

மாட்டேன் என்றேன். அடுத்த மாசம் எப்படி என்று கேட்டேன். மகளுக்குக் கேட்கக் கூடாது என்று அடங்கின குரலில் கத்தினேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் நான் பேனாவை எடுத்தேன். அன்புள்ள ஐயா, பணியிலிருந்து விலகுகிறேன் என்றெல்லாம் எழுதினேன். காரணம் என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன்.

"முட்டின்னு எழுதறேன். வேலையில விழுந்து அடிபட்டதுன்னு எழுதறேன். அவங்க பள்ளத்துலதானே விழுந்தீங்க. வைத்தியமாவது பார்க்க வேண்டியது அவங்க பொறுப்பு. படம் இருக்கு, டாக்டர் சீட்டு இருக்கு. இதுவாவது எழுத்துல இருக்கட்டும்."

"வேண்டாம். முட்டின்னு போட்டா, எப்பலேருந்துன்னு கேப்பாங்க. அப்ப ரெண்டு வருஷமா கூரை மேல யார் ஏறினதுன்னு தாளை எல்லாம் எடுத்துப் பார்ப்பாங்க. பாதிக்குப் பாதி பொய்க் கையெழுத்து. அவனையும் சேர்த்து அனுப்பிடுவாங்க."

"அவன் உங்களோட ஏற மாட்டேன்னுட்டான். இப்பதான், இதே இடத்துல உக்காந்து சொல்லிட்டுப் போனான்."

"ஆமா" என்றார். "ரெண்டு வருஷம் ஏறினானே."

நான் "சொந்தக் காரணம்" என்று எழுதினேன். அவர் வாங்கி ஒரு தடவை சத்தமாகப் படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.